கோடாலி கேட்ட காசிமாயனும் ரம்பம் எடுத்த பேச்சியும்

ஒரு ஊர்ல ஒரு குட்டியானை இருந்துச்சு. சிரிக்காத. தும்பிக்கை வெச்ச குட்டியானை இல்ல. நாலு சக்கரத்தோட, பின்னாடி ஒரு தொட்டியோட, வாழைத்தாரையும் வெங்காய மூட்டையையும் ஏத்திக்கிட்டு டுர்ரு டுர்ருனு ரோட்டுல ஓடுமே, அந்தக் குட்டியானை. அதை ஓட்டறவன் பேரு காசிமாயன். ஆளு எப்படி இருப்பான் தெரியுமா? எந்த வீட்டு வாசல்லயும் குனிஞ்சுதான் நுழைவான். ஒரு மூட்டையைத் தூக்கினான்னா, பக்கத்துல நிக்கறவங்க "பாத்துப்பா"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அது அவன் தோள்ல ஏறி உக்காந்திருக்கும். அவன் பொண்டாட்டி பேரு பேச்சி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு யூனிபாரம் தைக்கறவ. பக்கத்துல வந்து நின்னா அவன் நெஞ்சு உசரம்தான் இருப்பா. ஆனா அந்த வீட்டுல யாரு சொல்றது நடக்கும்னு கேட்டா... உங்க வீட்டுல எப்படியோ அப்படித்தான்.

எங்க, ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் வண்டி நகரும்.

"ம்."

ஒரு நாள் காலேஜ் பசங்க கொஞ்ச பேரு காசிமாயன் வண்டியைப் பிடிச்சாங்க. கூடாரம், பாத்திரம், பாயி எல்லாம் ஏத்திக்கிட்டு மலைக்குப் போனாங்க. அங்க புல்லுத் தரையில துணியை விரிச்சு, குச்சியைச் சொருகி, டப்பு டப்புன்னு முளையடிச்சு, வீடு மாதிரி ஒண்ணு எழுப்பி, அதுக்கு முன்னாடி நெருப்பைப் போட்டு எல்லாரும் சுத்தி உக்காந்தாங்க. காசிமாயன் வண்டிக்குள்ளயே உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தான். வீட்டுக்கு வந்தான், சாப்பிட உக்காந்தான், சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே இருக்கான், வாய்க்குள்ள போகல.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"ன்னா பேச்சி.

"பேச்சி, நாமளும் ஒரு தடவை டென்ட்டு போட்டுப் படுக்கணும்."

"வீடு ஒழுகுதுன்னு சொல்றேன், இவருக்கு துணி வீடு வேணுமாம்"னு சிரிச்சா பேச்சி. ஆனா மறுநாள் மிஷினை மிதிச்சுக்கிட்டே இருக்கா, மனசு மட்டும் மலையில நிக்குது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயும் போனதில்ல. எங்கயாவது போனாலும் யாரு வீட்டுக் கல்யாணமோ, யாரு வீட்டுச் சாவோதான். அப்போ அவளே சொன்னா, "சரி, போவோம்"னு.

அந்தக் காலேஜ் பசங்க கிட்டயே கூடாரத்தை இரவல் வாங்கியாச்சு. மலையில ஒரு காபித் தோட்டம் இருக்கு. அதுக்குக் காவல்காரரு சவரிமுத்துன்னு ஒரு பெரியவரு. அந்தத் தோட்டத்து மிளகு மூட்டையை ஏத்த காசிமாயன் அடிவாரத்துக்குப் போவான், அப்படிப் பழக்கம். அவரு சொன்னாரு, "தாராளமா வந்து தங்குங்க தம்பி. நிக்கற மரத்துல மட்டும் கை வெக்கக் கூடாது. விழுந்து கெடக்கறதை எம்புட்டு வேணும்னாலும் எடுத்து எரிச்சுக்கங்க."

அப்புறம் மூட்டை கட்டினாங்க. அரிசி, பருப்பு, கருவாடு, தூக்குச்சட்டி, போர்வை, கூடாரம். கடைசி பஸ் ஸ்டாப்புலேர்ந்து ஒத்தையடிப் பாதையில ஏறித்தான் போகணும், வண்டி போகாது. குட்டியானையை ராத்திரி ரோட்டோரம் விட மனசில்லாம, பஸ்ஸுலயே போகலாம்னுட்டான் காசிமாயன். அதனால இருக்கற பாரமே போதும். வெறகு வெட்ட ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாம்னு முடிவாச்சு.

"அருவா எடுத்துக்கலாமே?"

நீயும் கேட்டுட்டியா! காசிமாயனும் அதையேதான் கேட்டான். பேச்சி சொன்னா, "உங்க மீசைக்கும் உங்க உடம்புக்கும், பையில அருவாளை வெச்சுக்கிட்டு பஸ்ஸுல ஏறினா, மலைக்குப் போக மாட்டோம், நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவோம்"னு. அதோட அருவா கதை முடிஞ்சது.

அப்போ ரெண்டு பேரும் அன்வர் பாய் இரும்புக் கடைக்குப் போனாங்க. காசிமாயன் உள்ள நுழைஞ்ச உடனே ஒரு கோடாலியைக் கையில எடுத்தான். நல்ல நீட்டுக் காம்பு, பளபளன்னு வாயி. தூக்கிப் பாத்தான். தூக்கினவன் சும்மா இருந்தானா? 'ஹுய்ங்'னு ஒரு வீசு வீசினான். டமார்! அலமாரியில அடுக்கியிருந்த பெயின்ட்டு டப்பா ஒண்ணு மேல ஒண்ணா டமடமடமன்னு உருண்டு வெளிய ஓடுச்சு.

"யப்பா ராசா, கடை மரம் இல்லப்பா!"ன்னு பாய் தலையில கை வெச்சுக்கிட்டாரு.

பேச்சி டப்பா எல்லாம் பொறுக்கி அடுக்கிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்து ஒண்ணை எடுக்கச் சொன்னா. மடக்கு ரம்பம். பாத்தா பெரிய பேனாக்கத்தி மாதிரி இருக்கும். 'க்ளிக்'னு விரிச்சா உள்ள இருந்து பல்லு வெளிய வரும். 'டக்'னு மடக்கினா பல்லெல்லாம் கைப்பிடிக்குள்ள போய்ப் படுத்துக்கும். இடுப்புல சொருகிக்கலாம்.

காசிமாயன் அதைப் பாத்துச் சிரிச்சான். "இதை வெச்சு வெறகா அறுக்கப் போற? முருங்கைக்காய்தான் அறுக்கலாம்."

"கோடாலியை யாரு தூக்கறது?"

"நான்."

"கூடாரத்தை யாரு தூக்கறது?"

"...நான்."

"அப்புறம் இருட்டற நேரத்துல அசதியோட கோடாலியை வீசி, கால்ல போட்டுக்கிட்டா உங்களை யாரு தூக்கறது?"

காசிமாயன் அவளை மேலேர்ந்து கீழ ஒரு தடவை பாத்தான். இவ தூக்க முடியாதுன்னு அவனுக்கே தெரிஞ்சுபோச்சு. கோடாலியை எடுத்த இடத்துலயே மெதுவா சாத்தி வெச்சான். அதோட காம்பை ஒரு தடவை தடவிக் குடுத்தான், ஊருக்குப் போற பிள்ளைய தடவற மாதிரி. "நீ சொன்னா சரி"ன்னான். ஆனா மூஞ்சி இம்புட்டு நீளத்துக்குத் தொங்கிருச்சு. பேச்சி ஜெயிச்சுட்டா, ஆனா அந்த மூஞ்சியைப் பாத்த உடனே ஜெயிச்சது அவ்வளவு நல்லா இல்ல. தப்பா எடுத்துட்டோமோன்னு ஒரு சின்ன முள்ளு, இங்க, நெஞ்சுக்குள்ள.

"ம்."

மலைக்குப் போனாங்க. அட்டை இருக்குமே மலையில, ரத்தம் குடிக்கற அட்டை, அது ஒண்ணு காசிமாயன் கால்ல ஏறிருச்சு. அவ்வளவு பெரிய ஆளு, மூட்டை தூக்கறவன், "ஐயோ பேச்சி, பேச்சி, எடு எடு எடு"ன்னு ஒத்தைக் கால்ல குதிக்கறான். பேச்சி மடியில இருந்து உப்பை எடுத்து ஒரு சிட்டிகை வெச்சா. அது 'சொத்'னு விழுந்துச்சு. அப்புறம் வழி பூரா அவன் பேச்சிக்குப் பின்னாடியேதான் நடந்தான்.

சவரிமுத்து அவங்களுக்கு ஒரு மேட்டைக் காமிச்சாரு. கீழ ஓடை சலசலன்னு ஓடுது, சுத்திக் காபிச் செடி, நடுநடுவுல நெட்டை நெட்டையா சில்வர் ஓக் மரம். பெரியவரோட குடிசை கொஞ்சம் கீழ. அவரு கூட ஒரு நாய், கருப்பா, காது மடங்கி. பேரு பவுனு.

கூடாரத்தைப் பிரிச்சாங்க. பிரிச்சா, குச்சியில ஒண்ணைக் காணோம். காலேஜ் பசங்க எங்கயோ விட்டுட்டாங்க. ஒரு பக்கம் நிக்குது, இன்னொரு பக்கம் படுத்துக்கிச்சு. அப்போ பேச்சி கீழ விழுந்து கெடந்த நேரான கிளை ஒண்ணைத் தேடிப் புடிச்சா. க்ளிக்னு ரம்பத்தை விரிச்சா. சர்ரு... சர்ரு... சர்ரு... மாவு மாதிரி தூள் கொட்டுச்சு. அளவா, அழகா, ரெண்டு முனையும் வழவழன்னு ஒரு கம்பு. நட்டா கூடாரம் ஜம்முனு நின்னுச்சு.

"பரவால்லையே உன் முருங்கைக்காய் வெட்டி"ன்னான் காசிமாயன். பேச்சிக்கு அந்த முள்ளு கொஞ்சம் வெளிய வந்த மாதிரி இருந்துச்சு.

ஆனா சாயங்காலம் ஆச்சு. வெறகு வேணும். பத்து நாளா பெஞ்ச மழையில கெடந்த கட்டை எல்லாம் நனைஞ்சு ஊறிப்போயிருக்கு. பேச்சி அறுத்தா. சர்ரு சர்ரு. துண்டு துண்டா அறுத்து அடுக்கிட்டா. நெருப்பு வெச்சா. புஸ்ஸ்ஸ்... புகை. திரும்பவும் வெச்சா. புஸ்ஸ்ஸ்... இன்னும் புகை. நனைஞ்ச கட்டைக்கு மேலதான் ஈரம், உள்ள நடுவுல காஞ்சுதான் இருக்கும். கோடாலி இருந்தா ஒரே போடு, 'டப்'னு பொளந்து, உள்ள இருக்கற காஞ்ச வெறகை எடுத்துடலாம். ரம்பம் குறுக்க அறுக்கும், நெடுக்கப் பொளக்காது. பேச்சிக்கு அது நல்லாவே தெரியுது. காசிமாயனுக்கும் தெரியுது.

பேச்சி உக்காந்து ஊதறா. ஃபூ... ஃபூ... கண்ணுல தண்ணி தாரை தாரையா ஊத்துது. "இவரு இப்போ சொல்லுவாரு, அன்னைக்கே கோடாலி எடுத்திருந்தா இப்படி ஆகுமான்னு, இப்போ சொல்லுவாரு"ன்னு காத்துக்கிட்டே ஊதறா. காசிமாயன் ஒண்ணும் சொல்லல. எழுந்து போய் கொஞ்சம் கொஞ்சமா சுள்ளி பொறுக்கிட்டு வந்து அவ பக்கத்துல வெச்சான். அவன் திட்டியிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிருப்பா. சும்மா இருந்தானா, அதுதான் அவளுக்குத் தாங்கல.

கடைசியில சோறு பாதி வெந்துச்சு, பாதி நறுக்கு நறுக்குன்னு இருந்துச்சு. கருவாட்டைக் கடிச்சுக்கிட்டே அதைச் சாப்பிட்டாங்க. மேட்டுக்குக் கீழேர்ந்து சவரிமுத்து அந்தப் புகையைப் பாத்துக்கிட்டே நின்னாரு. "பாவம், பத்த மாட்டேங்குது போலயே"ன்னு தலையை ஆட்டிக்கிட்டு உள்ள போனாரு.

குளிருதா? காலை உள்ள இழுத்துக்க. ஆங், அப்படி.

அந்த ராத்திரி காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து. ஊஊஊன்னு அடிக்குது. கூடாரம் படபடன்னு துடிக்குது. மழை சடசடன்னு. ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள. பேச்சி நட்டு வெச்ச கம்பை காசிமாயன் விடிய விடிய ஒத்தைக் கையால பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தான். தூரத்துல எங்கயோ 'மடமடமடார்'னு ஒரு சத்தம். ஏதோ மரம் விழுந்திருக்குன்னு நெனச்சாங்க. அப்புறம் ஓஞ்சுது.

விடிஞ்சது. பனி மூட்டமா இருக்கு. பேச்சி எழுந்து வெளிய வரா, அப்போ 'வொள் வொள் வொள்'னு குரைச்சுக்கிட்டே பவுனு ஓடியாருது. வந்து பேச்சி சேலையைப் பிடிச்சு இழுக்குது. திரும்பி ஓடுது. நின்னு பாக்குது. திரும்பவும் குரைக்குது.

"ஏங்க, எந்திரிங்க, சவரிமுத்து அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு!"

ரெண்டு பேரும் நாய் பின்னாடியே ஓடினாங்க. சறுக்குது, விழறாங்க, எழுந்து ஓடறாங்க. பாத்தா, பாதையில ஒரு சில்வர் ஓக் மரத்தோட மேல்பாதி அப்படியே முறிஞ்சு விழுந்து கெடக்கு. இலையும் கிளையுமா நனைஞ்சு, யானை படுத்த மாதிரி. அதுக்குக் கீழ சவரிமுத்து. ஒரு கால் உள்ள மாட்டியிருக்கு. ராத்திரியே பாதி முறிஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துச்சாம், அவரு அடியில வரவும் 'சடார்'னு கீழ வந்துருச்சாம். அவரு பக்கத்துல ஒரு கட்டு சிதறிக் கெடக்கு. என்ன கட்டு தெரியுமா?

"என்ன?"

வெறகு. நல்லா காஞ்ச வெறகு, கோடாலியால பொளந்த வெறகு. இவங்களுக்கு நெருப்பு பத்தலைன்னு பாத்தாரு இல்லையா, அதனால காலையில கொண்டு வந்து குடுக்கலாம்னு வந்திருக்காரு.

பேச்சி அந்த வெறகைப் பாத்தா. கோடாலி எடுத்திருந்தா நெருப்பு பத்தியிருக்கும். நெருப்பு பத்தியிருந்தா இந்த மனுஷன் குடிசையிலயே இருந்திருப்பாரு. அந்தச் சின்ன முள்ளு இப்போ ஆணி மாதிரி ஆயிருச்சு. "அண்ணே, எங்களுக்காகவா வந்தீங்க?"ன்னா.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் தாயி"ன்னாரு சவரிமுத்து. மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. "முதல்ல இதை எடுங்க."

காசிமாயன் குனிஞ்சு மரத்தைப் பிடிச்சுத் தூக்கினான். ம்ம்ம்ம்ம்... கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது. மூட்டை தூக்கற ஆளாச்சே! மரம் ஒரு விரக்கடை எழும்புச்சு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் மரத்தோட தலையெல்லாம் காபிச் செடிக்குள்ள சிக்கிக்கிட்டு இருக்கு. காலுக்கு அந்தப் பக்கமா மரத்தைத் துண்டிச்சாத்தான் இந்தத் துண்டை நகத்த முடியும்.

"கோடாலி எங்கண்ணே?"

"குடிசையில, கதவு பின்னாடி."

ஓடினான் காசிமாயன். தடதடன்னு ஓடி, கோடாலியோட வந்தான். கையில கோடாலி வந்த உடனே அவனுக்கு ஒரு தைரியம். காலை அகட்டி நின்னான், தலைக்கு மேல ஓங்கினான், ஹுய்ங்... டங்! மரம் மொத்தமும் அதிர்ந்து குதிச்சு காலு மேல உக்காந்துச்சு.

"ஆத்தாடீ!"ன்னு சவரிமுத்து போட்ட சத்தத்துல மலையே திரும்பிச் சத்தம் போட்டுச்சு. பவுனு ஊளையிடுது.

காசிமாயன் இன்னொரு தடவை ஓங்கினான். பெரியவரு கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு. ஓங்கின கோடாலி மேலயே நின்னுபோச்சு. அவனால போட முடியல. கோடாலியைத் தூக்கி ஓரமா வீசிட்டு அப்படியே மண்டி போட்டான்.

"பேச்சி, உன்னோடதை எடு."

பேச்சி இடுப்புலேர்ந்து எடுத்தா. க்ளிக். குடத்து வாய் அளவு தண்டியான மரம், கையளவு ரம்பம். மனசுக்குள்ள வேண்டிக்கிட்டா. சர்ரு... சர்ரு... சர்ரு... மரம் அசையல. பெரியவரு கண்ணைத் தொறந்தாரு. "வலிக்குதாண்ணே?" "இல்ல தாயி, நீ அறு." சர்ரு... சர்ரு... பாதி வரைக்கும் போச்சு. போனதும், 'கப்'! ரம்பம் மாட்டிக்கிச்சு. மரத்தோட பாரம் அழுத்தி, அறுத்த வாயி மூடிக்கிட்டு ரம்பத்தைக் கடிச்சுக்கிச்சு. இழுத்தாலும் வரல, தள்ளினாலும் போகல. பல்லு ஒண்ணு ஒடைஞ்சா அவ்வளவுதான்.

"ம்..."

தூங்கிடாத, இப்போதான் முக்கியமான இடம்.

பேச்சிக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. காசிமாயன் அவளைப் பாத்தான். மரத்துக்கு அடியில நுழைஞ்சான். அறுத்த இடத்துக்குக் கீழ தோளைக் குடுத்தான். முழங்காலை மண்ணுல ஊணி, ம்ம்ம்னு நிமிர்ந்தான். அறுத்த வாயி ஒரு நூல் அளவு தொறந்துச்சு. ரம்பம் விடுபட்டுச்சு.

"அறு பேச்சி."

"உங்களுக்கு?"

"நான் பிடிச்சுக்கறேன். நீ அறு."

சர்ரு... சர்ரு... அவன் தோள்ல மரத்தோட சொரசொரப்பு அழுந்தி சட்டை கிழியுது. பேச்சிக்கு வேகமா அறுக்கணும், ஆனா வேகமா அறுத்தா ரம்பம் வளைஞ்சு ஒடைஞ்சுரும். மெதுவா அறுத்தா அவரு தோளு தாங்கணும். நெத்தி வேர்வை கண்ணுல எறங்குது. அவளோட கையில கொப்புளம் வந்து, உடைஞ்சும் போச்சு. சேலை முந்தானையை கைப்பிடியில சுத்திக்கிட்டா. சர்ரு... சர்ரு...

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கால்ல அட்டை ஏறுது."

"பாத்தேன்."

அவன் குதிக்கல. ஏறட்டும்னு விட்டுட்டான். அசைஞ்சா மரம் பெரியவர் காலு மேல விழுந்துருமே. அட்டை பாட்டுக்கு முழங்கால் வரைக்கும் ஏறிப் போயி சாவகாசமா குடிக்குது, இவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கான். பேச்சி அதைப் பாத்துக்கிட்டே அறுக்கறா. சர்ரு... சர்ரு... சர்ரு... அப்புறம், 'மளுக்'.

மரம் ரெண்டாச்சு. தலைப்பாதி அந்தப் பக்கம் புதர்ல 'புஸ்'னு உக்காந்துச்சு. இந்தத் துண்டை காசிமாயன் தோள்லயே வாங்கி, ஒரே தள்ளா ஓரமா உருட்டினான். சவரிமுத்து காலை பேச்சி மெல்ல, மெல்ல, கைக்குழந்தையை எடுக்கற மாதிரி வெளிய எடுத்தா. எலும்பு முறிஞ்சிருந்துச்சு. ஆனா காலு இருந்துச்சு, விரலு அசைஞ்சுது.

அப்போ பெரியவரைக் கீழ கொண்டு போகணுமே! விழுந்த மரத்துக் கிளையில ரெண்டு கம்பு அறுக்கலாம்னு பேச்சி எழுந்தா. சவரிமுத்து படுத்த மேனிக்கே விரலைக் காமிச்சு, "தாயி, நிக்கற மரத்துல கை வெச்சிராத"ன்னாரு. அந்த வலியிலயும்! பேச்சிக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல, ரெண்டையும் சேத்துச் செஞ்சா.

இரவல் கூடாரத்தைக் கம்புல கட்டி தூளி மாதிரி பண்ணாங்க. அவரை அதுல படுக்க வெச்சு, முன்னாடி பேச்சி, பின்னாடி காசிமாயன். பாரம் எல்லாம் பின்னாடி வர்ற மாதிரி கம்பைத் தாழ்த்திப் பிடிச்சுக்கிட்டான் அவன். பவுனு வழி காமிச்சுக்கிட்டே ஓடுச்சு. கீழ பால் எடுக்க வர்ற ஜீப்பு நின்னுக்கிட்டு இருந்துச்சு. டிரைவர் பாத்ததும் பால் கேனை எல்லாம் இறக்கிட்டு ஆளை ஏத்திக்கிட்டாரு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டாங்க. "காலுக்கு ஒண்ணும் இல்ல, கூடிரும்"னு டாக்டரம்மா சொல்லவும்தான் பேச்சி தரையில உக்காந்தா.

சவரிமுத்து சம்சாரம் ஊர்லேர்ந்து ஓடியாந்துச்சு. வந்த உடனே அவரைத்தான் திட்டுச்சு, "காத்து அடிச்ச மரத்தடியில எவனாவது போவானா?"ன்னு. பேச்சி எழுந்து நின்னா. "அக்கா, எங்களுக்கு வெறகு கொண்டு வரத்தான் அண்ணன் வந்தாரு. எங்களாலதான்"னு சொல்லிட்டா. நெஞ்சுக்குள்ள இருந்ததைச் சொல்லிட்டா. சவரிமுத்து சம்சாரம் அவ கையைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்துச்சு. உள்ளங்கை பூரா பிஞ்சு போய்க் கெடக்கு. நர்ஸைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளை கைக்கும் மருந்து போடும்மா"ன்னுச்சு.

அப்புறம் ரெண்டு பேரும் ஊருக்கு பஸ் ஏறினாங்க. மலைப் பஸ்ஸு, வளைஞ்சு வளைஞ்சு எறங்குது. பேச்சி கையில கட்டு, காசிமாயன் தோள்ல கட்டு. பாதி மலை எறங்கியாச்சு. அப்புறம் பேச்சி கேட்டா.

"நேத்து அடுப்பு பத்தலையே, அப்போ ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"என்ன சொல்லணும்?"

"கோடாலி எடுத்திருந்தா பத்தியிருக்கும்னு."

"சொல்லலாம்னுதான் நெனச்சேன்"னான் காசிமாயன். "திரும்பிப் பாத்தா நீ ஊதி ஊதி கண்ணெல்லாம் செவந்து, மூக்குல கரியோட உக்காந்திருக்க. அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது?"

பேச்சி ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. திரும்பாமலேயே, "அடுத்த தடவை கோடாலியும் எடுத்துக்கலாம்"னா.

"யாரு தூக்கறது?"

"நான் தூக்கறேன்."

"வேண்டாம் வேண்டாம். வெறகுக் கடையிலயே காஞ்சதா ஒரு கட்டு வாங்கிட்டுப் போயிடலாம்."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. பஸ்ஸுல இருக்கறவங்க எல்லாம் திரும்பிப் பாக்கற அளவுக்குச் சிரிச்சாங்க.

"அப்போ எது நல்லது? கோடாலியா... ரம்பமா?"

அட, முழிச்சுக்கிட்டுதான் இருக்கியா! அதை அவங்களே இன்னும் பேசி முடிக்கலையாம். வெறகு பொளக்கணும்னா அவன் ஜெயிப்பான், கம்பு அறுக்கணும்னா அவ ஜெயிப்பா, தெனம் சாப்பிட உக்காரும்போது ஒரு தடவை அந்தச் சண்டை நடக்கும்.

ஆனா அன்னைக்கு பஸ்ஸுல என்ன ஆச்சுன்னா, சிரிச்சுக்கிட்டே இருந்த காசிமாயன் அப்படியே அசந்து போனான். நல்லா இருக்கற தோளு பக்கம்தான் பேச்சி உக்காந்திருந்தா. அம்புட்டுப் பெரிய தலையை அவ தோள்ல சாச்சு, கொர்ர்ர்... கொர்ர்ர்னு. கனமான தலை. அவ கை மரத்துப் போச்சு. வளைவு வரும்போதெல்லாம் தலை சரியும். அவ கட்டுப் போட்ட உள்ளங்கையை அவன் கன்னத்துல அண்டக் குடுத்துக்கிட்டா. ஒரு வளைவு... இன்னொரு வளைவு... இன்னொரு வளைவு... பேச்சி அசையவே இல்ல. எறங்க வேண்டிய ஸ்டாப்பு வந்துச்சு. கண்டக்டர் விசில் ஊதப் போனாரு. பேச்சி வாயில விரலை வெச்சு, "ஷ்ஷ்... அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறோம்"னா.

ம் சொல்லு.

...

ம் வரலையா? சரி சரி. கதையும் படுத்தாச்சு, கண்ணையும் மூடியாச்சு. நீயும் தூங்கு சாமி, தூங்கு.